இலை நரம்புகள்: கேள்வி பதில்

பள்ளி மாணவி ஒருவர்: இலை நரம்பு என்கிறோமே, நம் நரம்பைப் போல அதுவும் உணர்வைக் கடத்துமா?

பதில்: பெயர்தான் இங்கே குழப்புகிறது. கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் பேச்சுவழக்கில் நரம்பு என்றுதான் சொல்கிறோம். இலை நரம்பு அந்த வகையைச் சேர்ந்தது. அதற்குள் இரண்டு குழாய்த் திசுக்கள் சேர்ந்தே ஓடுகின்றன. வேர் உறிஞ்சிய நீரையும் தாது உப்புகளையும் கொண்டுவருவது சைலம். இலை தயாரித்த சர்க்கரையைப் பிற உறுப்புகளுக்குக் கொண்டுசெல்வது புளோயம். சைலத்தின் நீர்க்குழாய்கள் இறந்த செல்களின் வெற்றுச் சுவர்கள். புளோயத்தின் சல்லடைக் குழாய்களோ உயிருள்ளவை. ஆனால் உட்கரு இல்லாததால் பக்கத்துத் துணைச் செல்களின் தயவில் வாழ்பவை. இருந்தாலும் உங்கள் ஐயத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. புழு ஓர் இலையைக் கடித்ததும் கால்சியம் அலை ஒன்று நரம்புகளின் வழியே ஓரிரு நிமிடங்களில் மற்ற இலைகளை எட்டுவதை 2018-இல் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள்.

தாவரவியல் பயில்பவர்: நரம்பின் குறுக்குவெட்டில் சைலம் மேலேயும் புளோயம் கீழேயும் இருப்பது ஏன்?

பதில்: தண்டில் சைலம் உட்புறமாகவும் புளோயம் வெளிப்புறமாகவும் இருக்கின்றன. உங்கள் உடலைத் தண்டாகவும், உள்ளங்கையைச் சைலமாகவும், புறங்கையைப் புளோயமாகவும் எண்ணிக்கொண்டு, உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி முன்கையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பிறகு கையை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் உள்ளங்கை மேல்நோக்கிவிடும். தண்டிலிருந்து இலைக்குள் வளையும் சைலம்-புளோயம் கற்றைக்கும் நடப்பது இதுவே.

ஆசிரியர் ஒருவர்: இணைப்போக்கு நரம்பமைவு என்றால் ஒருவிதையிலைத் தாவரம், வலைப்பின்னல் என்றால் இருவிதையிலைத் தாவரம் என்று உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: அடையாளம் காணத் தொடங்குபவருக்கு அது போதும், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேம்பு ஒருவிதையிலைத் தாவரம், ஆனால் அதன் இலையில் வலைதான் தெரியும். புன்னையோ இருவிதையிலைத் தாவரம். அதன் பக்க நரம்புகள் சீப்பின் பற்கள் போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன.

இன்னொருவர்: நீரைக் கொண்டுசேர்க்க மரக்கிளை போலப் பிரிந்துகொண்டே போனால் போதாதா? நரம்புகள் ஏன் மீண்டும் கூடி வலையாகின்றன?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெறும் கிளையமைப்பு சிக்கனமானது. ஆனால் ஒரு கிளை அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள பகுதி முழுவதும் வறண்டுபோகும். ஜின்கோ மரத்தின் இலையில் நரம்புகள் இரண்டிரண்டாகக் கவைத்துச் செல்கின்றனவே தவிர, பெரும்பாலும் மீண்டும் கூடுவதில்லை. எலுமிச்சை இலையில் அப்படியில்லை: மைய நரம்பில் துளையிட்டு ஒளிரும் சாயத்தைச் செலுத்தினால், சாயம் சிறு நரம்புகளுக்குள் திரும்பி, துளையைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்ச் சேர்கிறது. புழு அரித்து மைய நரம்பே அறுந்த இலையின் நுனி பல நாள் பச்சையாகவே இருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். வலை தேவைப்படுவதற்குச் சேதம் மட்டுமே காரணமன்று. இலையின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருக்கும்போது நீர்த்தேவை இடத்துக்கு இடம் மாறுகிறது, அந்த ஏற்றத்தாழ்வையும் வலை ஈடுகட்டுகிறது. நரம்பு எவ்வளவு நெருக்கமோ, ஒளிச்சேர்க்கை செய்யும் செல்லுக்கு நீர் அவ்வளவு விரைவாகக் கிடைக்கும். பூக்கும் தாவரங்களில் ஒரு சதுர மில்லிமீட்டர் இலைப்பரப்பில் சராசரியாக ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நரம்பு ஓடுகிறது; மற்றத் தாவரங்களில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான்.

தோட்டம் வைத்திருப்பவர்: செம்பருத்தி இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிறது. என்ன குறை?

பதில்: எந்த இலையில் முதலில் தெரிந்தது என்று பாருங்கள். இரும்பு ஓரிடத்தில் படிந்தபின் எளிதில் நகராது. ஆகவே இரும்புக் குறை இளந்தளிரில் தொடங்கும். மெக்னீசியத்தைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும் என்பதால் அதன் குறை அடியிலைகளில் தெரியும். தளிர்தான் வெளிறுகிறது என்றால், இரும்புச்சத்து இடுவதற்கு முன் மண்ணின் காரத்தன்மையைச் சோதியுங்கள். கார மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாது.