வெனிஸில் ஒயின் வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோங்கள்

கேள்வி: அக்டோபர் முதல் வாரத்திலிருந்து நானும் கணவரும் பத்து நாள் வெனிஸில் இருப்போம். கன்னாரேஜோ பகுதியில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் பாட்டிலில் ஒயின் நிரப்பி வாங்கி வருவார்களாமே, அது நல்ல ஒயின்தானா? இத்தாலிய மொழி தெரியாமல் எப்படிக் கேட்டு வாங்குவது?

பதில்: தாராளமாக வாங்குங்கள். முன்பெல்லாம் நல்லெண்ணெய்க்குக் கடைக்குப் பாட்டில் கொண்டுபோவோமே, அதே முறைதான். லூஸில் விற்கும் இந்த ஒயினை அங்கே ‘வினோ ஸ்ஃபூஸோ’ என்பார்கள். தாமிஜானா என்ற பெரிய கண்ணாடிக் குடத்திலிருந்தோ, குழாய் வைத்த தொட்டியிலிருந்தோ பிடித்துத் தருவார்கள். லிட்டர் 3 யூரோவுக்கு முன்பின் இருக்கும். பாட்டில், கார்க், லேபிள் செலவு இல்லாததால்தான் இந்த விலை. மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே, பியாவே ஆற்றுச் சமவெளியில் விளைந்த திராட்சை. வருடக்கணக்கில் வைத்திருக்கச் செய்த ஒயின் அல்ல, அன்றைய சாப்பாட்டுக்கானது.

நான் முதல்முறை போனபோது எனக்கு முன்னால் தள்ளுவண்டிப் பையோடு ஒரு பாட்டி நின்றார். பையிலிருந்து நான்கு ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். கடைக்காரர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, நுரை அடங்கும்வரை பொறுத்து, மறுபடி கழுத்துவரை நிரப்பினார். மூடியைத் திருகி, ஈரத்தைத் துடைத்து, மேலே ஒயினின் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அந்த ‘கழுத்துவரை’ முக்கியம். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ, அவ்வளவு நேரம் ஒயின் கெடாமல் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் குடித்து முடித்துவிடுங்கள். அதனால் ஒரே தடவையில் ஐந்து லிட்டர் வாங்காதீர்கள். ஒன்றரை லிட்டர் வாங்கி, தீர்ந்ததும் மறுபடி போகலாம்.

பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம், வாசனை ஒயினில் ஏறிவிடும். வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். பொங்கும் ஒயின் என்றால் சோடாத் தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி, அது அழுத்தத்தைத் தாங்கும்.

கேட்க நாலு வார்த்தை போதும். ‘ரோஸ்ஸோ’ சிவப்பு, ‘பியாங்கோ’ வெள்ளை. ‘ஃபெர்மோ’ என்றால் பொங்காதது, ‘ஃப்ரிட்ஸான்தே’ என்றால் லேசாகப் பொங்குவது. இனிப்பு வேண்டாம் என்றால் ‘செக்கோ’. ‘போஸ்ஸோ அஸ்ஸஜாரே?’ (ருசி பார்க்கலாமா?) என்று கேட்டால் பல கடைகளில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். கூச்சப்படாதீர்கள்.

எதை வாங்குவது? சிவப்பில் என் ஓட்டு ராபோஸோவுக்கு. பியாவே பக்கத்துத் திராட்சை. புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும், முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். வாத்துக்கறியோ கொழுப்புள்ள இறைச்சியோ கூட இருந்தால் அதே புளிப்புதான் ருசி. அவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம் என்றால் மெர்லோ. ரியால்தோ சந்தையில் மீன் வாங்கிப் பொரிக்கிறீர்களா, அப்போது ‘தாய்’ (Tai) என்ற வெள்ளை ஒயின். இதற்கு முன்பு தொக்காய் என்றுதான் பெயர். தொக்காய் என்பது தங்கள் ஒயினின் பெயர் என்று ஹங்கேரி உரிமை கோரியதால் 2007-இல் அந்தப் பெயரை விட வேண்டியதாயிற்று. அதனால் வயதானவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

ப்ரோசெக்கோ என்ற பிரபலமான பொங்கும் ஒயினை மட்டும் லூஸில் தேடாதீர்கள். 2009-இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட பெயர், குழாயில் பிடித்து அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ‘பியாங்கோ ஃப்ரிட்ஸான்தே’ என்று கேளுங்கள்.

ஊருக்குப் பரிசாகக் கொண்டுவர லூஸ் ஒயின் சரிப்படாது. அதற்கு எனோதேக்கா எனப்படும் ஒயின் கடையில் சீல் வைத்த பாட்டிலே வாங்குங்கள். லேபிளில் ‘இம்பொத்திலியாத்தோ அல்லோரிஜினே’ என்று இருக்கிறதா பாருங்கள். திராட்சையை விளைவித்தவர்களே பாட்டிலிலும் அடைத்தார்கள் என்று அர்த்தம். அழகான படத்தைவிட எனக்கு அந்த வரிதான் பெரிது.

கடைகள் மதியம் மூடிவிட்டு மாலையில்தான் திறக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம், வாங்கியதை சான் மார்க்கோ சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்து திறக்காதீர்கள், அபராதம் போடுவார்கள்.

நீங்கள் போகும் மாதம் அக்டோபர் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த மாதத் தொடக்கத்தில் சான்த் எராஸ்மோ தீவில் புதுத் திராட்சைச் சாறுக்கு ஒரு திருவிழா நடக்கும். ஃபோந்தமென்தே நோவே துறையிலிருந்து 13-ஆம் எண் படகு போகிறது. அங்கே ‘தோர்போலினோ’ கிடைக்கும்: பாதி புளித்த, கலங்கலான, இனிப்பான புதுச் சாறு. வருடத்தில் சில வாரங்களுக்குத்தான். பாட்டிலில் வாங்கினால் மூடியை இறுக்கித் திருகாதீர்கள், உள்ளே இன்னும் நுரைத்துக்கொண்டே இருக்கும். படகில் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து, அன்று ராத்திரியே குடித்துவிடுங்கள்.