வலியில்லாத கட்டியும் மாமியாரின் அச்சமும்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 54. மார்பகப் பரிசோதனைக்கு அழைத்தால், "வலியே இல்லை, இல்லாத வியாதியை ஏன் கூப்பிட வேண்டும்?" என்று மறுக்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: மார்பகப் புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, ஆகவே வலிக்காகக் காத்திருப்பதுதான் ஆபத்து. உங்கள் ஊரிலேயே, டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிச் சோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அவர் மறுப்பதற்கு, இந்நோய் வந்தால் பிழைக்க முடியாது என்ற பயமே காரணமாக இருக்கலாம் (கூச்சமும் இருக்கும், வெளியே சொல்லமாட்டார்). பெண் மருத்துவரையே கேட்டு வாங்குங்கள். முதலில் நீங்கள் சோதித்துக்கொண்டு, பிறகு அவரை அழையுங்கள்.