கிண்டியா, குரோம்பேட்டையா?

தம்பி, நண்பர்கள் போவதால் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (நில வரைபடம், செயற்கைக்கோள் தகவல் சார்ந்த படிப்பு) எடுக்கவா, ஆசைப்பட்ட விமானப் பொறியியலான ஏரோநாட்டிகலுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) போகவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள்தான். அப்துல் கலாம் படித்ததும் குரோம்பேட்டையில் இதே ஏரோநாட்டிகல்தான்.

நானும் நண்பர்களை நம்பித்தான் கல்லூரி சேர்ந்தேன். இரண்டாம் செமஸ்டருக்குள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டோம். பிடிக்காத பாடம் மட்டும் நான்கு வருடமும் கூடவே வந்தது. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் மட்டம் என்று சொல்லவில்லை. 1794இல் நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக்கு ரொம்பப் பொருத்தமான படிப்பு அது. ஆனால் உங்களுக்கு அதில் ஆசை இருக்கிற மாதிரியே தெரியவில்லையே!

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்கள். ஏரோநாட்டிகலை முதலில் போடுங்கள், கிண்டியை அடுத்து. அப்புறம், நண்பர்களைப் பார்க்க மின்சார ரயில் இருக்கிறது. இரண்டு ஊரும் ஒரே தடம்தான்.