கடைசிப் பணத்தைக் காணிக்கையாகக் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். போன வருடம் கணவர் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்களில் இவர் நடத்திவந்த தள்ளுவண்டி இட்லிக் கடையும் நின்றுபோனது. நகையெல்லாம் அடகில். தினமும் கட்டுகிற வட்டிக் கடனான தண்டல் பாக்கி வேறு. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. கிரைண்டரையும் விற்று, சபைக்கு வந்த ஊழியர் ஒருவர் சொன்னபடி எல்லாவற்றையும் 'விதைக் காணிக்கை'யாக, அதாவது விதைத்தால் பலமடங்கு திரும்பி வரும் என்று நம்பி, கொடுத்தால் ஆண்டவர் மறுபடி எழுப்புவாரா என்று கேட்கிறார். ஜெபிக்க வாயே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி, கொடுக்காதீர்கள். கிரைண்டரையும் விற்காதீர்கள்.

பஞ்சத்தில் கடைசி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை செய்து கொடுத்த சாறிபாத் ஊர் விதவையையும், தன்னிடம் இருந்த இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட விதவையையும் அந்த ஊழியர் காட்டியிருப்பார். சாறிபாத்தில் மாவு செலவழிந்து போகாமல் இருந்தது அந்த விதவையின் வீட்டுப் பானையில்தான். அவளும் பிள்ளையும் அதைச் சாப்பிட்டார்கள். மாற்கு 12-ஐயும் திறந்து பாருங்கள். இரண்டு காசைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் பிரசங்கிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பேசுவது 2 இராஜாக்கள் 4. அங்கே ஒரு பெண்ணின் புருஷன் இறந்துபோனான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்து நிற்கிறான். அவள் உதவி கேட்டுப் போன எலிசா தீர்க்கதரிசி காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இருந்தது ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்களை வாங்கிவரச் சொன்னார். எண்ணெய் பெருகியதும், விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்றார். பெருக்கியது ஆண்டவர். விற்றுக் கடனைக் கட்ட வேண்டியது அவள் பொறுப்பு.

உங்களிடம் கிரைண்டர் இருக்கிறது. வண்டியை இப்போதே தள்ள வேண்டாம், அதற்கு உடம்பும் மனசும் இன்னும் தயாரில்லை. மாவு அரைத்து சாயங்காலத்தில் பாக்கெட் போட்டு விற்கலாம். அரிசி, உளுந்துக்கு முதல் கொஞ்சம் போதும். மீந்தாலும் வீட்டுக்கு ஆகும். சபைச் சகோதரிகள் 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்றால், சரிக்கா, அப்படியே மாவும் என்கிட்டயே வாங்குங்க என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாத்திரம் கொடுத்த அக்கம்பக்கத்தார் செய்ததும் இப்படி ஓர் உதவிதான். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் மனு போடுங்கள்.

அப்புறம் தண்டல். 10,000 என்று சொல்லி 8,500-ஐக் கையில் கொடுத்து, நூறு நாள் தினம் நூறு ரூபாய் வாங்கினால், வருடக் கணக்கில் அது 100 சதவீதத்துக்கும் மேலான வட்டி. ஒரு தண்டலை அடைக்க இன்னொன்று வாங்கவே வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் உதவி இலவசம். கட்டிய பணத்தைக் குறிக்கிற தண்டல் அட்டையைக் கிழித்துவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஜெபம் வராததற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள். முதலிலிருந்து கடைசிவரை புலம்பல்தான், இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், இப்போது முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் அந்த எண்ணம் வந்தால் மனநல உதவி எண்ணான 14416-ஐ உடனே கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரைத் தூதன் திட்டவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், இன்னொரு தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்கு எலியா நடந்த நாற்பது நாள் நடை அதற்கு அப்புறம்தான்.