நாய்க்கு வாங்கிய உண்ணி சொட்டு மருந்து பூனைக்கு ஆகுமா?

நாயின் கழுத்து முடி பிசுபிசுக்கிறது, மருந்தை நக்கிவிட்டு எச்சில் ஒழுக்கியது, பேரன் அதைத் தடவிவிட்டான் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள், அம்மா. உங்களைத் தூங்கவிடாதது கடைசி வரிதான். நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கு அந்த உண்ணி மருந்தால் ஏதாவது ஆகுமா, மிச்சத்தை அதற்கும் வைக்கலாமா என்கிறீர்கள். வைக்கவே கூடாது.

டியூபில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது நாய்க்கு மட்டும். பூனையின் ஈரலால் அதைச் சரிவர முறிக்க முடியாது. மருந்து வைத்த இடத்தை நக்கினாலும், உரசிப் படுத்தாலும் விஷம் ஏறும். 3 நாள் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரினும் இதே வகைதான். "தண்ணி கலந்தா ஒண்ணும் ஆகாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பூனையிடம் நீங்கள் பார்க்க வேண்டியது நடுக்கம். முதலில் காது துடிக்கும். முதுகுத் தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கும். ஈரத்தை மிதித்ததுபோல் பாதத்தை உதறி உதறி நடக்கும். அடுத்தது வலிப்பு. சில மணி நேரத்தில் தொடங்கும், சில பூனைகளுக்கு 2, 3 நாள் கழித்தும் வரும்.

காது துடிப்போடு இருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவ சோப்பு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துவட்டித் துண்டில் சுற்றுங்கள். சுடுதண்ணீர் மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். பச்சைத்தண்ணீரில் உடல் சூடு இறங்கி நடுக்கம் கூடும். பால், எண்ணெய், உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். உடம்பே நடுங்கினால் கழுவ நிற்காமல் கிளம்புங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும், வீடியோ தேட நேரமில்லை. புறப்படும்போதே மருத்துவருக்குப் போன் போட்டு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், டியூபையும் எடுத்து வாருங்கள். நேரத்தோடு வரும் பூனைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

நாயின் பிசுபிசுப்பு ஓரிரு நாளில் போய்விடும். எச்சில் ஒழுகியது மருந்தின் கசப்பால், தண்ணீர் வையுங்கள். பேரன் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த பூண்டுச்சாறு வைத்தியத்தை மட்டும் அழித்துவிடுங்கள், பூண்டு பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பூனைக்கு, 'பூனைக்கு' என்றே அச்சிட்ட ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து டியூப் வாங்குங்கள். நாக்கு எட்டாத பிடரியில் முடியை விலக்கி, தோலில் படும்படி விடுங்கள். முன்பின் 2 நாள் குளிப்பாட்ட வேண்டாம். 8 வாரம் ஆகாத குட்டிக்கு அதுவும் கூடாது.