உறுமல் நின்றுவிட்டதா? அதுதான் கவலை

வீட்டு நாயைப் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எந்த இன நாய் அதிகம் கடிக்கும் என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் மறந்துவிடுங்கள். மடியில் வைத்துக் கொஞ்சுகிற பொமரேனியனும் கடிக்கும். பௌர்ணமிக்கு வெறி ஏறுமா என்றால், ஏறாது. வாசலில் போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கிறதா? குரைக்கட்டும், நாய்தானே.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். ஒன்பது வயது லாப்ரடார், இதுவரை சாது. இரண்டு வாரமாக, உங்கள் மூன்று வயது மகள் அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டால் உறுமுகிறது. பேப்பரைச் சுருட்டி இரண்டு போட்டீர்கள். இப்போது உறுமுவதில்லை, 'சரியாகிவிட்டது' என்கிறீர்கள்.

சரியாகவில்லை. உறுமல் என்பது கடிக்கும் முன் நாய் தருகிற எச்சரிக்கை. அதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். குழந்தை நெருங்கும்போது அதைக் கவனியுங்கள்: உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும், முகத்தைத் திருப்பி வெள்ளை விழி தெரிய ஓரமாகப் பார்க்கும், சும்மாவே உதட்டை நக்கும். அப்போது வால்கூட ஆடலாம், நம்பாதீர்கள். குழந்தையைச் சத்தமில்லாமல் விலக்கிவிடுங்கள்.

வயதான சாதுவான நாய், தொட்டால் திடீரென்று உறுமினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியை. இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் போடுகிற இபுப்ரோஃபென் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? நாய்க்கு அது வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனி வேண்டாம், கொடுத்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதுவரை குழந்தையையும் நாயையும் தனியாக விடாதீர்கள், அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டவே விடாதீர்கள். பெரியவர் ஒருவர் அதே அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது. சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் பழகிய நாய்தான். அவர்கள் உயரத்துக்குக் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது.

ஒருவேளை பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கைமருந்து எதையும் அப்பாதீர்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். ரேபிஸ் என்கிற வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டியிருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.