ஆகாசவாணில ஒரே நாள்ல ஏன் இத்தனை விதமான பேச்சு?

பேச்சு நிகழ்ச்சின்னா பாட்டு இல்லாம செய்தி, விவசாயத் தகவல், டாக்டர் பேட்டி, நாடகம் இதெல்லாம்தான். ஆகாசவாணி 1997ல இருந்து பிரசார் பாரதிங்கிற தன்னாட்சி அமைப்பு கைல இருக்குற பொது ஒலிபரப்பு, அதனால விளம்பரம் தர்ற கூட்டத்துக்கு மட்டும்னு நடத்த முடியாது. ஏற்காடு பஸ் மாதிரிதான், டூரிஸ்ட்டும் ஏறுவாங்க, எஸ்டேட் வேலைக்குப் போறவங்களும் மூட்டையோட ஏறுவாங்க, எல்லாருக்கும் நிறுத்தணும்ல. அம்மாபேட்டைல தறி சத்தத்துக்கு நடுவுல கேக்குறவருக்கு செய்தி, வாழப்பாடி தோட்டத்துக்காரருக்கு மழை நிலவரம்னு ஆளுக்கேத்த நேரம் பார்த்துப் போடுவாங்க. எனக்கு நாடகம்தான், கதவு கிறீச்சுங்கிற சத்தத்துலயே ஒரு வீட்டக் கட்டிடுவாங்க. அப்புறம், தனியார் எஃப்எம்காரங்க சோம்பேறித்தனத்துல நியூஸ் போடலன்னு நினைக்காதீங்க, சொந்தமா செய்தி தயாரிச்சுப் போட அவங்களுக்கு அனுமதி கிடையாது, ஆகாசவாணி செய்தியை மாத்தாம மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்ளோதான்.